தமயந்தி கண்ட அடையாளம்

தமயந்தியின் சுயம்வர மண்டபத்தில் தேவர் நால்வர் நளன் உருவிலேயே வந்தமர்ந்தனர் என்பது நாம் இளமையிற் கேட்ட கதை. இமைக்கும் கண்ணும், நிலம் தோயும் பாதமும், வாடும் மாலையும் கண்டு அவள் மெய்யான நளனைத் தெரிந்தெடுத்தாள். கைப்பேசித் திரையிலோ பாதமும் இல்லை, மாலையும் இல்லை. பெயரும் படமும் மட்டுமே உள.

2020 ஜூலை 15 அன்று ஒபாமா, பில் கேட்ஸ் முதலியோரின் ட்விட்டர் கணக்குகள், 'பிட்காயின் அனுப்புங்கள், இரட்டிப்பாகத் தருகிறோம்' என்று ஒரே குரலில் அறிவித்தன. கணக்குகள் மெய், எழுதியோர் வேறு. சில மணி நேரத்தில் ஏறத்தாழ 1,18,000 டாலர் பறிபோயிற்று. அக்களவு நிகழ்ந்த விதமே எழுத்தர்களாகிய நம்மைச் சிந்திக்க வைப்பது. அந்நிறுவன ஊழியர்களைத் தொலைபேசியில் அழைத்து, 'தொழில்நுட்பப் பிரிவிலிருந்து பேசுகிறோம்' என்று கூறி, போலிப் பக்கமொன்றில் கடவுச்சொல்லை எழுத வைத்தனர். 'மேலிடம்' என்றதும் எழுந்து நிற்கும் பழக்கம் உலகெங்கும் ஒன்றே போலும்!

2021 டிசம்பர் 12 அன்று நம் பிரதமரின் கணக்கும் சிறிது நேரம் பிறர் கைப்பட்டது. பிட்காயினை இந்தியா சட்டப்படியான பணமாக ஏற்றதென்றும், அரசே 500 பிட்காயின் வாங்கி மக்களுக்குப் பகிர்கிறதென்றும் அதில் எழுதினர். மூன்று கையொப்பமின்றி நாற்காலியொன்றும் வாங்கவியலாத அலுவலகங்களில் உழன்ற நமக்கு இது நகைப்பையே தரும்.

ஆயினும் வெளிமாநிலத்தில் வாழும் நம்மவர்க்குத் தனியோர் இடர் உண்டு. நாள் முழுதும் அயல்மொழியில் உழல்பவர்க்கு, 'ஐயா, நானும் நம்ம ஊர்ப்பக்கந்தான்' என்று ஒரு குரல் கேட்டால் நெஞ்சம் இளகிவிடுகிறது. உங்கள் கணக்கு முடங்கியது, மீட்புச் சொற்கள் பன்னிரண்டையும் சொல்லுங்கள் என்று அக்குரல் அடுத்துக் கேட்கும். அச்சொற்களே பெட்டிச் சாவி. நிறுவனத்தின் மெய்யான ஊழியர் எவரும் அவற்றைக் கேட்பதில்லை. காசோலையாயின் வங்கிக்கு ஓடி நிறுத்தலாம். பிட்காயின் சென்று பதிவாகிவிட்டால் திருப்பியழைக்க அதிகாரி எவரும் இல்லை. சேமநிதி முழுவதும் ஒரு நொடியில் போகும்.

ஐயத்திற்குரிய கடிதம் வந்தால், அக்கடிதத்திலுள்ள எண்ணையே அழைத்து 'இது மெய்தானா' என்று கேட்கும் எழுத்தர் உண்டோ? பழைய கோப்பிலுள்ள எண்ணில் வினவுவதே அலுவலக மரபு. இங்கும் பேச்சை முறித்து, நிறுவனத்தின் செயலியை நாமே திறந்து, அதன் வழியே விசாரித்தல் வேண்டும். பணம் போய்விட்டதாயின் உடனே 1930 என்னும் அரசின் உதவி எண்ணில் முறையிடல் வேண்டும். பிள்ளைகள் கடிந்துகொள்வரே என்று நாணி இரண்டு நாள் வாய்மூடி இருந்த பெரியவர் ஒருவரை நாம் அறிவோம். அவ்விரண்டு நாளில் அப்பணம் எத்தனை கை மாறிற்றோ!