கோலகங்சாரில் ஒரு தாய்மரம்

நீங்கள் கோலகங்சாருக்குப் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் தங்கநிறக் குவிமாடம் கொண்ட மசூதியைப் பார்த்திருப்பீர்கள். பேராக் ஆற்றங்கரையில் சற்று நேரம் காற்று வாங்கியிருப்பீர்கள். ஆனால், மாவட்ட அலுவலகத்தின் அருகே வேலிக்குள் நிற்கும் அந்த ரப்பர் மரத்தின் முன்னால் ஐந்து நிமிடம் நின்றிருக்கிறீர்களா? நம்மில் பலர் அதைக் கடந்து பஸ் பிடிக்க ஓடியிருப்போம். நானும் பல ஆண்டுகள் அப்படி ஓடியவன்தான்.

சென்ற பள்ளி விடுமுறையில்தான் அந்த மரத்தை முறையாகப் போய்ப் பார்த்தேன். அதுவும் ஒரு தருமக் காரியத்தை முன்னிட்டு.

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பாதி இன்று இல்லை. கித்தா மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்ச் சில இடங்களில் வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் மலிவு விலை வீடுகளில் குடியிருக்கின்றன. தமிழ்ப்பள்ளி மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது. முன்பு லயத்திலிருந்து ஓடிப்போய் மணி அடிப்பதற்குள் வரிசையில் நின்ற பிள்ளைகள், இப்போது வேன் ஏறித்தான் பள்ளிக்குப் போக வேண்டும். மாதா மாதம் வேன் காசு கட்ட முடியாத வீடுகளும் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்காகப் பெற்றோர்களும் கோயில் கமிட்டியாரும் சேர்ந்து ஒரு நடைப்பயணத்துக்கு ஏற்பாடு செய்தார்கள்.

ஏற்பாடு மிகவும் எளிது. நடக்கிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள். தெரிந்தவர்களிடம் போய், நான் நடக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நீங்கள் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். சிலர் 50 காசு போட்டார்கள், சிலர் 1 வெள்ளி போட்டார்கள். நாங்கள் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் மாமாக் கடைக்காரர் யோசிக்காமல் 5 வெள்ளி என்று எழுதினார். கோலகங்சார் பட்டணத்தைச் சுற்றிவர 7 கிலோமீட்டர் என்று கணக்கு.

புறப்படுமுன் கமிட்டித் தலைவர் ஒன்று சொன்னார். "படம் எடுக்கிறவங்க எவ்வளவு வேணும்னாலும் எடுங்க. ஆனா, பணம் கொடுக்கிற அன்னிக்கு மட்டும் யாரும் காமிராவைத் தூக்கக் கூடாது. அந்தப் பிள்ளைங்க யாருன்னு ஊருக்குத் தெரிய வேண்டாம்."

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு நிகழ்ச்சியில் பிள்ளைகளை மேடையேற்றிப் பள்ளிப் பை கொடுத்தார்கள். கொடுத்த பெரியவர்கள் அனைவரும் படத்தில் நன்றாகச் சிரித்தார்கள். ஒரு பையன் மட்டும் தனக்குக் கிடைத்த பையாலேயே முகத்தை மறைத்துக்கொண்டான். அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருந்தால் தலைவர் சொன்னது சரியென்றே சொல்வீர்கள்.

காலை 7 மணிக்கு ஆற்றங்கரையிலிருந்து புறப்பட்டோம். சிறியவர், பெரியவர் என்று அறுபது பேருக்கு மேல் இருக்கும். ஆற்றின் மேல் பனி இன்னும் விலகவில்லை. பேராக் ஆறு, தீபகற்ப மலேசியாவில் பகாங் ஆற்றுக்கு அடுத்தபடி நீளமானது. இங்கே அதனோடு கங்சார் ஆறு வந்து கலக்கிறது. நூற்றுக்கு ஒன்று குறைவான சிற்றாறுகள் இந்தப் பக்கம் வந்து சேர்வதாகவும், மலாய் மொழியில் அதைச் சொல்லப் போய்த்தான் 'கங்சார்' என்ற பெயர் வந்ததாகவும் ஒரு கதை உண்டு. கதை எப்படியிருந்தாலும் பெயர் அழகானது. அக்கரையில் தெரிவது சாயோங் கிராமம். சுரைக்காய் வடிவில் கறுப்பு மண்கூஜா செய்கிறார்களே, அது அந்த ஊர்க் கைவேலைதான். வெயில் நேரத்தில் அதில் ஊற்றி வைத்த தண்ணீரைக் குடித்துப் பாருங்கள். நம் பாட்டிமார் வைத்திருந்த மண்பானை நினைவுக்கு வரும்.

அங்கிருந்து சண்டான் குன்றை நோக்கி ஏறினோம். குன்றின்மேல் உபுடியா மசூதி. 1913இல் தொடங்கி 1917இல் கட்டி முடித்தார்கள். வேலை நடந்தபோது இத்தாலியிலிருந்து தருவித்த பளிங்குக் கற்களை, சண்டை போட்ட இரண்டு யானைகள் மிதித்து நாசமாக்கிவிட, மீண்டும் புதிதாக வரவழைக்க நேர்ந்ததாம். யானைக் கதை கேட்டதும் கால் வலிக்கிறது என்று முனகிய பிள்ளைகள் எல்லாரும் விறுவிறுவென்று நடந்தார்கள். கொஞ்ச தூரத்தில் மரத்தாலான பழைய அரண்மனை, இஸ்தானா கெனாங்கான். 1926இல் ஓர் ஆணிகூட அடிக்காமல் கட்டியது. மூங்கில் பிளாச்சுகளால் பின்னிய சுவர்கள், மஞ்சளும் கறுப்பும் வெள்ளையுமாகப் பாய் விரித்தாற்போல் இருக்கின்றன. "ஆணி இல்லாம வீடு நிக்குமா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். "நூறு வருஷமா நிக்குதே, அதுகிட்டயே கேளு" என்றார் அவள் தாத்தா.

குன்றிலிருந்து இறங்கிப் பட்டணத்துக்குள் வந்தோம். கடைசியாக நாங்கள் நின்ற இடம்தான் அந்த ரப்பர் மரம்.

வாசகர்களே, இந்த மரத்தின் கதையைச் சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள். இது நம் கதையும் கூட. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலேற்றி லண்டனுக்குக் கொண்டுபோனார். கியூ தாவரத் தோட்டத்தில் ஊன்றிய அந்த விதைகளில் முளைத்தவை 3,000க்கும் குறைவு. மறு ஆண்டு, 1877இல், 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் 9 கன்றுகள் கோலகங்சாருக்கு வந்தன. பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஹியூ லோ அவற்றைத் தம் இல்லத் தோட்டத்தில் நட்டு வளர்த்தார். அந்த ஒன்பதில் எஞ்சி நிற்பது இந்த ஒரு மரம்தான் என்கிறார்கள்.

நட்டதும் யாரும் அதைப் பெரிதாக எண்ணிவிடவில்லை. 1888இல் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற ரிட்லி என்பவர், மரத்தைச் சாகவிடாமல் பட்டையை மெல்லிசாகச் சீவித் தொடர்ந்து பால் எடுக்கும் முறையைக் கண்டார். காப்பித் தோட்டக்காரர்களைப் பார்க்கும்போதெல்லாம் ரப்பர் நடுங்கள், நடுங்கள் என்று சொல்லிச் சொல்லி, 'பைத்தியக்கார ரிட்லி' என்ற பட்டமும் வாங்கினார். 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் துணிந்து வியாபாரத்துக்காக ரப்பர் நட்டார். பிறகு மோட்டார் வண்டிகள் பெருகின, டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது, காடுகள் தோட்டங்களாயின. அந்தத் தோட்டங்களுக்காகத்தான் நம் பாட்டனும் முப்பாட்டனும் கப்பலேறினார்கள். 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை அந்தக் கப்பல்கள் வந்துகொண்டேயிருந்தன.

எங்களோடு ஒரு பாட்டியும் நடந்து வந்தார். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். பேரனுடைய பள்ளிக்காக நடக்கிறேன் என்று பெயர் கொடுத்தவர், 7 கிலோமீட்டரையும் யாருடைய கையையும் பிடிக்காமல் நடந்து முடித்தார். மரத்தின் முன்னால் வந்ததும் அண்ணாந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"நம்ம நிரையில நின்ன மரத்தையெல்லாம் இருபத்தஞ்சு, முப்பது வருஷத்துல சாய்ச்சிடுவாங்க. இத மட்டும் எப்படி விட்டு வச்சாங்க?" என்றார்.

பிள்ளைகள் சுற்றி நின்றுகொண்டார்கள். பாட்டி விரலால் காற்றிலேயே கோடு போட்டுக் காட்டினார். இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்க வேண்டும். சீவுகிற பட்டை வெங்காயத் தோல் மாதிரி வர வேண்டும். உளி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மண்டோரிடம் ஏச்சு. விடியுமுன் பெரட்டுக்குப் போனது, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் மரம் வெட்டியது, வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்பதால் ஓடி ஓடி வெட்டியது, மழை பெய்துவிட்டால் அன்றைய கூலி போனது என்று எல்லாவற்றையும் சொன்னார். காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால் வாளி தொங்க, வயிற்றில் பிள்ளையோடு சரிவில் இறங்கியதையும் சொன்னார். ரப்பர் தோட்டத்தையே பார்த்திராத பிள்ளைகள் வாய் திறந்து கேட்டார்கள்.

அப்போது படம் எடுக்கும் இளைஞர், எல்லாரும் மரத்தின் முன்னால் வந்து நில்லுங்கள் என்று கூப்பிட்டார். பாட்டி சட்டென்று ஒதுங்கி ஓரமாகப் போய்விட்டார்.

"நீங்களும் வாங்க பாட்டி" என்றேன்.

"என்னை எதுக்கு தம்பி எடுக்கிறீங்க? பிள்ளைங்கள எடுங்க."

இந்தச் சொல்லை நான் முன்பே கேட்டிருக்கிறேன். என் அம்மாவும் இதையேதான் சொல்வார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மரம் வெட்டியவர் அவர். அவர் இறந்த அன்று, மாலை போட ஒரு படம் தேடினோம். வீட்டில் கல்யாணப் படங்கள் இருந்தன, அவற்றில் அவர் சமையல் பக்கம் இருந்தார். தீபாவளிப் படங்கள் இருந்தன, அவற்றில் அவர் கதவுக்குப் பின்னால் பாதி முகமாக இருந்தார். கடைசியில் அடையாள அட்டையில் இருந்த தபால்தலை அளவுப் படத்தை ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கினோம். பெரிதாக்க, பெரிதாக்க முகம் மங்கிப் போயிற்று. இன்றும் எங்கள் வீட்டுச் சுவரில் இருப்பது அந்த மங்கிய முகம்தான். உளி பிடித்த கையோடு, தலைத்துண்டோடு, நாங்கள் தினமும் பார்த்த அம்மா ஒரு படத்திலும் இல்லை.

உங்கள் வீட்டில் எப்படி? ஆல்பத்தை ஒரு முறை திறந்து பாருங்கள்.

அந்த மரத்துக்கு வேலி இருக்கிறது. வந்த ஆண்டும் வரலாறும் சொல்லும் பலகை இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் வந்து படம் எடுத்துப் போகிறார்கள். மரத்துக்கு மரியாதை செய்வது நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால், அந்த மரத்தின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் வெட்டி இந்த நாட்டுக்குப் பால் சேர்த்துக் கொடுத்தவர்களுக்குப் பலகை யார் வைப்பது? வேறு யாரும் வர மாட்டார்கள். நாம்தான் வைக்க வேண்டும். ஒரு படமும், அதன் பின்னால் நான்கு வரியும் போதும்.

அன்று பாட்டியைக் கட்டாயப்படுத்தித்தான் மரத்தின் முன்னால் நிறுத்தினோம். முதலில் அடையாள அட்டைக்கு நிற்பதுபோல் விறைப்பாக நின்றார். உளி பிடிக்கிற மாதிரி கையை வைத்துக் காட்டுங்கள் என்றதும் தோள் தானாகச் சாய்ந்தது, முட்டி மடங்கியது, கண் பட்டையில் போய் நின்றது. அந்த நொடியில்தான் படம் எடுத்தோம். பெயர், வயது, எந்தத் தோட்டம், எத்தனை ஆண்டு வேலை என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டோம்.

அன்பர்களே, நீங்களும் இப்படிச் செய்யலாம். இன்று பெரும்பாலான வீடுகளில் காமிரா உள்ள கைப்பேசி இருக்கிறது. பிலிம் வாங்கி, எண்ணி எண்ணி எடுத்த காலம் மலையேறிவிட்டது. தீபாவளிச் சேலையோடு மட்டும் எடுக்காதீர்கள். அப்பா சைக்கிளுக்குக் காற்றடிப்பதை, அம்மா அம்மியில் அரைப்பதை, பெரியம்மா கோயில் வாசலில் கோலம் போடுவதை எடுங்கள். லயம் இன்னும் நிற்கிறதென்றால் இடிக்குமுன் எடுங்கள்; ஸ்டோர், ஆயாக் கொட்டகை, தண்ணீர்க் குழாயடி, இடுகாடு எதையும் விடாதீர்கள். எடுத்ததைக் கைப்பேசிக்குள்ளேயே விட்டுவிடாதீர்கள். கைப்பேசி கெட்டால் படமும் போயிற்று. பட்டணத்துக்குப் போகும்போது நல்ல படங்களைத் தேர்ந்து காகிதத்தில் எடுத்து வாருங்கள். பின்பக்கத்தில் மெதுவான பென்சிலால் அழுத்தாமல் பெயர், இடம், ஆண்டு எழுதுங்கள். பசை தடவிய அட்டை ஆல்பம் வேண்டாம். நாளானால் படம் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். ஈரம் படாத இடத்தில், ஓர் உறையில் போட்டு வையுங்கள்.

நடைப்பயணத்தில் சேர்ந்த பணம் பெரிய தொகை அல்ல. ஆனாலும் சில பிள்ளைகளின் வேன் காசுக்கு ஆண்டு முடியும்வரை கவலையில்லை. எந்தப் பிள்ளைகள் என்று எனக்கும் தெரியாது. அதற்கு ஒரு படமும் கிடையாது.

ஒரு மாதம் கழித்துப் பாட்டியின் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"கை இன்னும் மறக்கல, பாத்தீங்களா தம்பி" என்றார்.

பிறகு அலமாரியைத் திறந்து, பிறப்புப் பத்திரங்கள் வைத்திருக்கும் பிஸ்கட் டின்னை எடுத்து, அதில் மேலாக வைத்து மூடினார்.

அடுத்த விடுமுறையில் கோலகங்சாருக்குப் போய் வாருங்கள். பிள்ளைகளையும், முக்கியமாகப் பாட்டி தாத்தாவையும் அழைத்துப் போங்கள். மரத்தை ஒரு படம் எடுங்கள். அதற்கு முன்னால், உங்கள் பக்கத்தில் ஒதுங்கி நிற்பவரை ஒரு படம் எடுங்கள்.