ஏடும் சோதனையும்

பழந்தமிழ் கற்பிப்பவன் என்பதனால் என்னிடம் அடிக்கடி ஒரு கூற்று வந்து சேர்கிறது: "இன்றைய மருத்துவம் கண்டதெல்லாம் அன்றே நம் ஏடுகளில் உண்டு." பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்றவன் இதனை ஆமோதிப்பான் என்பது சொல்வோரின் எதிர்பார்ப்பு. ஏடுகள்மீது எனக்குள்ள பற்று அவர்களுடையதிலும் குறைந்ததன்று. ஆயின், ஏட்டில் இருப்பது வேறு. அது மருந்தாவது வேறு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை அறியச் சீன விஞ்ஞானி தூ யூயூவின் பணி தக்க சான்றாகும்.

வியட்நாம் போர்க்களத்தில் குண்டுகளோடு மலேரியாவும் உயிர் குடித்தது. வழக்கிலிருந்த குளோரோகுயின் பயனற்றுப் போகவே, வட வியட்நாமின் வேண்டுகோளை ஏற்றுச் சீன அரசு 1967 மே 23 இல் இரகசிய ஆராய்ச்சித் திட்டமொன்றைத் தொடங்கியது. 1969 இல் பெய்ஜிங்கில் அதன் குழுவொன்றுக்குத் தலைமை ஏற்ற தூ யூயூ, கலாநிதிப் பட்டமோ வெளிநாட்டுப் பயிற்சியோ பெறாதவர். அவரது குழு பண்டைய நூல்களையும் நாட்டு வைத்தியரையும் நாடி 2000க்கு மேற்பட்ட மருந்துக் குறிப்புகளைத் திரட்டியது. ஏறத்தாழ 200 மூலிகைகளிலிருந்து 380க்கு மேற்பட்ட சாறுகளை வடித்து, மலேரியா தொற்றிய சுண்டெலிகளிற் சோதித்தது.

சிங்ஹாவ் என்னும் மூலிகை ஒருமுறை நற்பலன் தந்தது, மறுமுறை தரவில்லை. நான்காம் நூற்றாண்டில் கே ஹொங் இயற்றிய மருத்துவ நூலை அவர் மீண்டும் புரட்டினார். மூலிகையைக் காய்ச்சும்படி அது கூறவில்லை. நீரில் ஊறவைத்துப் பிழியும்படியே கூறிற்று. வெப்பம் மருந்துச் சத்தை அழித்திருக்குமோ என ஐயுற்ற அவர், குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு சாற்றைப் பிரித்தார். 1971 ஒக்டோபரில் அச்சாறு சுண்டெலிகளிடத்து நூற்றுக்கு நூறு பலன் தந்தது.

ஏட்டின் பணி அத்துடன் முடிந்தது. சோதனையின் பணி முடியவில்லை. சாறு நஞ்சாகுமோ என்ற ஐயத்தைத் தீர்க்க, 1972 இல் அவரும் சக ஆய்வாளர் இருவரும் முதலில் தாமே அதனை உட்கொண்டனர். அதன் பின்னரே ஹைனான் தீவில் 21 நோயாளருக்குக் கொடுக்கப்பட்டது. சாற்றினின்றும் பிரித்தெடுத்த ஆர்ட்டிமிசினினை 1973 இல் குளிசையாக்கிக் கொடுத்தபோது எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. மருந்தைக் குறை கூறாது காரணத்தைத் தேடினர். குளிசை கரையாத அளவுக்கு இறுகியிருந்தது. அதே பொருளை உறையில் அடைத்துக் கொடுத்ததும் காய்ச்சல் தணிந்தது. 2015 இல் தூ யூயூவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1934-35 இல் மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பறித்த நாடு நமது. அன்று மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளுள் கேகாலையும் ஒன்று. அதே கேகாலையில் 2020 டிசம்பரில், கொரோனாவைத் தீர்க்கும் என்று சொல்லப்பட்ட பாணியைப் பெற ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அன்றாடம் உழைத்தாலன்றி அடுப்பெரியாத வீட்டினர் ஒரு போத்தல் நம்பிக்கையைத் தேடி வந்தமைக்காக அவர்களைப் பழித்தல் தகாது. சோதனை முடியுமுன்னரே ஊரறிய அதனை அருந்திக் காட்டிய அதிகாரத்தினரே இதற்குப் பொறுப்பாளிகள்.

ஏட்டின் பெருமை பேசும் மாணவருக்கு நான் சிங்ஹாவின் கதையையே சொல்கிறேன். முதல்முறை பலித்ததைப் பறைசாற்றி, மறுமுறை பொய்த்ததை அக்குழு மறைத்திருப்பின், கே ஹொங்கின் நூல் மீண்டும் திறக்கப்பட்டிராது, அம்மருந்தும் பிறந்திராது.