ஏ.ஆர். காப்பியில் எழுதியிருந்த பன்றி

குற்ற வழக்கு நடத்துகிற எங்களுக்கு முதல் தகவல் அறிக்கையைவிட ஏ.ஆர். காப்பியின் மேல்தான் முதலில் கண் போகும். காயம்பட்டவரைக் கொண்டுவந்து சேர்த்த நேரத்தில் பணியிலிருக்கும் மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் எழுதும் குறிப்பு அது. போலீஸ் வந்து கேட்பதற்கும், ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசுவதற்கும், எங்களைப் போன்றவர்கள் உள்ளே நுழைவதற்கும் முன்னால் சொன்ன வார்த்தை என்பதால் நீதிமன்றத்தில் அதற்குத் தனி மதிப்பு உண்டு. நான் சொல்லவரும் வழக்கில் அந்தக் காகிதத்தில் ‘காட்டுப்பன்றி குத்தியதாகக் கூறப்படுகிறது’ என்று எழுதியிருந்தது. அதே மனிதருடைய பிரேதப் பரிசோதனை அறிக்கையில், வலது தொடையிலிருந்து பால்ரஸ் குண்டுகளை எடுத்ததாக இருந்தது.

திருவண்ணாமலை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது கோயிலும் கிரிவலமும் கார்த்திகை தீபமும். இந்த ஊர் நீதிமன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மாவட்டத்தின் இன்னொரு மலையும் அடிக்கடி நினைவுக்கு வரும். போளூரிலிருந்து மேற்கே ஏறினால் ஜவ்வாது மலை. நடுவில் ஜமுனாமரத்தூர், அதைச் சுற்றி மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்கள். சாமை விதைப்பார்கள், தேன், புளி, கடுக்காய் என்று காட்டுப் பொருளும் உண்டு. நிலம் முடிகிற இடத்திலேயே காப்புக்காடு தொடங்கிவிடும். கதிர் முற்றும் நேரத்தில் பன்றிக் கூட்டம் ஒரே இரவில் புகுந்து புரட்டிவிட்டுப் போனால் அந்த ஆண்டு சாப்பாடு போச்சு. அதனால்தான் அங்கே சில வீடுகளில் நாட்டுத் துப்பாக்கி இருந்தது. இரும்புக் குழாய், மரக்கட்டை, ஒரு விசை. குழலின் வாய்வழியாகக் கரிமருந்தைப் போட்டு, கம்பியால் இடித்து, மேலே பால்ரஸ் குண்டுகளைப் போடவேண்டும். உரிமம் என்ற பேச்சே கிடையாது. தாத்தா வைத்திருந்தார், அப்பா வைத்திருந்தார், இப்போது இவன் வைத்திருக்கிறான்.

சம்பவம் நடந்தது ஓர் ஐப்பசிப் பௌர்ணமி இரவில். திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி 2013இல் வருவதற்கு முந்தைய காலம். சாமைக் கொல்லையில் காவலுக்கு இருந்தவன் இருபத்திரண்டு வயதுப் பையன். அவனுக்குக் களி எடுத்துக்கொண்டு வந்தவர் அவனுடைய அக்கா கணவர். தூறலில் வழக்கமான ஒற்றையடிப் பாதை வழுக்கியதால் காட்டோரமாகச் சுற்றிக் கொல்லைக்குள் இறங்கியிருக்கிறார். கதிர் சலசலத்ததும் பையன் விசையை இழுத்துவிட்டான். “மச்சான்!” என்ற குரல் கேட்ட பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.

என்னிடம் அவனுக்காக வக்காலத்துப் போடச் சொல்லி வந்தது இறந்தவரின் மனைவி. பையனை வேலூர் மத்தியச் சிறையில் வைத்திருந்தார்கள். கையில் குழந்தையோடு வந்து உட்கார்ந்தவர், “அவரு மண்ணுக்குள்ள போயிட்டாரு, தம்பி ஜெயிலுக்குள்ள போயிட்டான். நான் எந்தப் பக்கம்ங்கய்யா நிக்கிறது?” என்று கேட்டார். “அவன் பக்கம் நான் நிக்கிறேம்மா. நீங்க நடந்ததை நடந்தபடி சொல்லுங்க, போதும்” என்றேன். அந்த அம்மாதான் அரசுத் தரப்பின் முக்கியச் சாட்சி என்பது அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது.

போலீஸ் முதலில் இயற்கைக்கு மாறான மரணம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174இன் கீழ்தான் பதிவு செய்திருந்தது. பிரேதப் பரிசோதனையில் குண்டுகள் கிடைத்த பிறகு பிரிவு மாறியது. இந்திய தண்டனைச் சட்டம் 304இன் இரண்டாம் பகுதி, அதாவது மரணம் விளையக்கூடும் எனத் தெரிந்தே செய்த செயல். அதற்குப் பத்தாண்டு வரை தண்டனை. கூடவே ஆயுதச் சட்டம் 25(1பி)(ஏ). உரிமமில்லாத துப்பாக்கிக்கு வழக்குத் தொடர மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 39ஆவது பிரிவு சொல்கிறது. அந்த ஆணையும் ஒழுங்காக வாங்கியிருந்தார்கள். காகிதத்தில் ஓட்டை தேடிப் பயனில்லை.

அரசு வழக்கறிஞர் தன் கட்சியை இரண்டு கால்களில் நிறுத்தினார். ஒன்று நிலா. முழுநிலவு நாளில் மனிதனுக்கும் பன்றிக்கும் வித்தியாசம் தெரியாதா என்றார். அதற்குப் பதில் எளிதாக இருந்தது. அன்று அன்னாபிஷேகம், கிரிவலம் வந்தவர்கள் நனைந்துகொண்டே சுற்றினார்கள் என்பது ஊரறிந்த சங்கதி. அடிவாரத்திலேயே மேகம் என்றால் மலைமேல் சொல்லவேண்டியதில்லை. இரண்டாவது கால் அந்த ஏ.ஆர். காப்பி. மனதில் குற்றமில்லை என்றால் பன்றி குத்தியது என்று ஏன் பொய் சொல்லவேண்டும்? இதற்கு என்னிடம் பதில் இல்லை. சாட்சிக் கூண்டில் ஏறிய அக்காதான் பதில் சொன்னார்.

பிறழ் சாட்சியாகிவிடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் பிறழவில்லை. டாக்டரிடம் பன்றி என்று சொன்னது யார் என்று அரசு வழக்கறிஞர் கேட்டதும், “நான்தான் சொன்னேன். துப்பாக்கின்னு சொன்னா போலீஸ் வர்ற வரைக்கும் டாக்டரு தொடமாட்டாரு, அப்படியே வெளியில போட்டுடுவாங்கன்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தாங்க” என்றார்.

பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: போலீஸ் நடைமுறை எதுவானாலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம், உயிரைக் காப்பது மருத்துவரின் முதல் கடமை. நாங்கள் மேற்கோள் காட்டித் தேய்ந்துபோன தீர்ப்பு. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது அந்த மலை ஏறியிருக்கவில்லை.

அன்றிரவு நடந்ததைக் குறுக்கு விசாரணையில் ஒவ்வொன்றாக எடுத்தேன். குண்டு பட்டதும் ஓடிவந்தவர்கள் முதலில் செய்த காரியம், துப்பாக்கியைத் துணியில் சுற்றி ஓடைக்கரைப் புதரில் மறைத்தது. அதில் அரைமணி நேரம் போனது. காயத்தில் மஞ்சளும் காப்பித்தூளும் அப்பி, துண்டால் மேலோட்டமாகக் கட்டியிருக்கிறார்கள். இறுக்கிக் கட்டவேண்டும், கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வரவேண்டும் என்று யாருக்கும் தெரியாது. டோலி கட்டித் தார்ச்சாலை வரை தூக்கிவந்து, செல்போன் சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு ஒருவர் ஓடி, 108க்குச் சொல்லியிருக்கிறார். வண்டியிலும் பன்றிதான், அடிவாரத்தில் முதலில் சேர்த்த மருத்துவமனையிலும் பன்றிதான். அங்கே காயத்தை அடைத்துத் தையல் போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று திருவண்ணாமலைக்கு அனுப்பினார்கள். பௌர்ணமி இரவு. ஊருக்குள் போக்குவரத்து மாற்றம். நகர எல்லையில் வண்டி சுற்றிக்கொண்டிருக்கும்போது உயிர் போயிருக்கிறது.

பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவரிடம் நான் கேட்ட கேள்விக்கு அரசு வழக்கறிஞர் உடனே எழுந்து ஆட்சேபித்தார். “குண்டுக் காயம் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் இவர் பிழைத்திருப்பாரா?” என்பது என் கேள்வி. அவர் ஆட்சேபித்ததில் நியாயம் இருந்தது. தண்டனைச் சட்டம் 299இன் இரண்டாவது விளக்கம் இந்தக் கேள்விக்கு முன்பே கதவைச் சாத்தியிருக்கிறது: தக்க சிகிச்சை கிடைத்திருந்தால் மரணத்தைத் தவிர்த்திருக்கலாம் என்பது, காயம் விளைவித்தவனைக் காப்பாற்றாது. நீதிபதியும் அதைச் சுட்டிக்காட்டினார். ஆனாலும் பதிலைப் பதிவு செய்துகொண்டார். மருத்துவர் சொன்னது இது: “முக்கியத் தமனி அறுபடவில்லை. உள்ளே சிரையும் கிளைகளும் கிழிந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் போயிருக்கிறது. அழுத்திக் கட்டி, சீக்கிரம் ரத்தம் ஏற்றியிருந்தால் வாய்ப்பு உண்டு. துப்பாக்கி என்று தெரிந்திருந்தால் அடிவாரத்திலிருந்து நேராக வேலூருக்கே அனுப்பியிருப்பார்கள்.”

வழக்குக்கு அந்தப் பதில் உதவவில்லை. ஆனால் அந்தக் கட்டு முழுவதிலும், இன்னொருவர் இப்படிச் சாகாமலிருக்க என்ன செய்யவேண்டும் என்பதற்கான தகவல் அந்த நான்கு வரியில் மட்டும்தான் இருந்தது. யார் சுட்டான், என்ன மனநிலையில் சுட்டான் என்பதோடு சட்டத்தின் கேள்வி முடிகிறது. சுட்டதற்கும் செத்ததற்கும் இடையில் போன சில மணி நேரத்தை அது யாருடைய கணக்கிலும் எழுதுவதில்லை.

வாதத்துக்கு இரண்டு தீர்ப்புகளை எடுத்துக்கொண்டு போனேன். 1952இல் நாகபுரி உயர் நீதிமன்றம் முடிவு செய்த ரங்கசாமி வழக்கு. தூறலும் மங்கலுமான வேளையில் கழுதைப்புலி என்று நினைத்துச் சுட்டதில் மனிதர் இறந்துவிட்டார். துப்பாக்கிக்கு உரிமம் இல்லை என்பதற்காக மட்டும் ‘விபத்து’ என்ற 80ஆவது பிரிவின் பாதுகாப்பை மறுக்க முடியாது, உரிமமின்மைக்குத் தனித் தண்டனை இருக்கிறது என்றது அந்தத் தீர்ப்பு. மற்றொன்று, வயலில் கரடி என்று நம்பி அம்பெய்தவரை ஒரிசா உயர் நீதிமன்றம் 1978இல் விடுவித்த கோரா காசி வழக்கு.

நீதிபதி இரண்டையும் பொறுமையாகப் படித்துவிட்டு வேறுபடுத்தினார். அந்த வழக்குகளில் அங்கே மனிதர் இருப்பார் என்று நினைக்கக் காரணமில்லை. இங்கே தினமும் அதே நேரத்துக்கு மாமா களி கொண்டுவருவார் என்று பையனுக்குத் தெரியும். ஒரு குரல் கொடுத்துவிட்டுச் சுட்டிருக்கலாம். ஆகவே மரணம் விளையக்கூடும் எனத் தெரிந்தே செய்த குற்றம் இல்லை, ஆனால் கவனக்குறைவு. 304ஏ-யின் கீழ் ஓராண்டு, ஆயுதச் சட்டத்தில் ஓராண்டு, இரண்டும் ஏககாலத்தில். கூடவே அக்காவுக்கு இழப்பீடு கிடைக்க, 357ஏ-யின் கீழ் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் பரிந்துரைத்தார். அந்தப் பரிந்துரையை நானும் அரசு வழக்கறிஞரும் சேர்ந்தே கேட்டிருந்தோம். நான் தோற்ற வாதம்தான். ஆனால் மேல்முறையீட்டுக்குப் போகவேண்டும் என்று தோன்றவில்லை.

இன்று இதே வழக்கு வந்தால் தண்டனை கூடும். 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமமில்லாத துப்பாக்கிக்குக் குறைந்தபட்சமே இரண்டாண்டு, அதிகபட்சம் ஐந்து. கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் ஐந்தாண்டு வரை உண்டு. தண்டனையைக் கூட்டினால் துப்பாக்கி குறையும் என்பது கணக்கு. புதரில் மறைக்கும் அவசரமும் சேர்ந்து கூடும் என்பதை அந்த அக்காவின் சாட்சியத்தைக் கேட்டவன் சொல்லாமலிருக்க முடியாது.

அமெரிக்காவில் வில்லியம் ஹேடன் என்று ஒரு மருத்துவர் இருந்தார். 1960களில் அந்நாட்டின் சாலைப் பாதுகாப்பு அமைப்புக்கு முதல் தலைவராக இருந்தவர். விபத்து என்றாலே ஓட்டுநரைத் திட்டிக்கொண்டிருந்த காலத்தில், மோதலுக்கு முன், மோதும்போது, மோதிய பின் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எதை மாற்றினால் உயிர் தப்பும் என்று கேட்டார். பிற்காலத்தில் துப்பாக்கி மரணங்களுக்கும் அதே கேள்விகளைப் போட்டார்கள். அங்கே அதன் அளவே வேறு: 2021இல் மட்டும் 48,830 பேர், அதில் பாதிக்குமேல் தற்கொலை. சிகாகோவில் கேரி ஸ்லட்கின் என்ற தொற்றுநோய் மருத்துவர், ஒரு சூடு அடுத்த சூட்டைக் கொண்டுவருவதைப் பார்த்து, நோய்ப் பரவலைத் தடுப்பதுபோல் தெருவிலேயே பேசிச் சண்டையை நிறுத்த, அந்தத் தெருக்காரர்களையே பணியில் அமர்த்தினார். 2024 ஜூனில் அந்நாட்டின் தலைமை அறுவை மருத்துவர் விவேக் மூர்த்தி, துப்பாக்கி வன்முறையைப் பொதுச் சுகாதார நெருக்கடி என்றே அறிவித்தார்.

பெருநகரத்துக் கைத்துப்பாக்கிக்கும் மலைக் கொல்லையின் கரிமருந்துக் குழலுக்கும் சம்பந்தமில்லை என்று தோன்றலாம். ஹேடனின் கேள்விகளைப் போட்டால் சம்பந்தம் தெரியும். சுடுவதற்கு முன்: வீட்டில் துப்பாக்கி ஏன் இருந்தது, பன்றிக்கு வேறு வழி இருந்ததா? சுடும்போது: ஒரு குரல் கொடுக்கும் பழக்கம் இருந்ததா? சுட்ட பின்: காயத்தை அழுத்திக் கட்டத் தெரியுமா, உண்மையைச் சொன்னால் ஆபத்தில்லை என்ற நம்பிக்கை இருந்ததா? எங்கள் வழக்கில் கடைசிக் கேள்விக்கு மட்டும் ‘ஆம்’ என்று பதில் இருந்திருந்தால், அந்த வண்டி வேலூர்ச் சாலையில் போயிருக்கும்.

காவல் துறைக்கு இது தெரியாமலில்லை. நாட்டுத் துப்பாக்கியைத் தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று மலை ஊர்களில் அவ்வப்போது அறிவிக்கிறார்கள். நேரில் வரத் தயங்குகிறவர்கள் இரவில் பொது இடத்தில் வைத்துவிட்டுப் போவதும், கேட்பாரற்றுக் கிடந்ததாக எடுத்துப்போவதும் உண்டு. யார் பெயரும் எழுதாத அந்த ஏற்பாட்டைச் சட்டப் புத்தகத்தில் எந்தப் பிரிவிலும் தேடமுடியாது. ஆனாலும் நான் பார்த்ததில் பயன்தருவது அதுதான். 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, ஆஸ்திரேலியா பணம் கொடுத்துச் சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கியது. நம் மலைக்காரர் இலவசமாகவே வைத்துவிட்டுப் போகிறார்.

சட்ட விழிப்புணர்வு முகாமுக்கு ஜமுனாமரத்தூர் பக்கம் போகும்போது நான் பிரிவு எண்களைப் பற்றிப் பேசுவதில்லை. காயத்தை இறுக்கிக் கட்டுங்கள், 108இல் வருகிறவரிடம் உண்மையைச் சொல்லுங்கள், டாக்டர் தொடமாட்டேன் என்று சொல்லச் சட்டம் விடாது என்பதைத்தான் சொல்கிறேன். ஒருமுறை ஒரு பெரியவர் எழுந்து, “குடுத்துடறோம் சாமி. பன்னிய யாரு பாத்துக்கறது?” என்று கேட்டார்.

2025 ஜனவரியில் தமிழக அரசு அதற்கு ஒரு பதில் சொன்னது. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியை வனத்துறையினர் சுடலாம். ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம். ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. சமவெளி விவசாயிக்கு இது பயன்படும். ஜவ்வாது மலையில் வரப்பைத் தாண்டினாலே காடு; பெரியவரின் கொல்லை அந்த முதல் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. பயிர்ச் சேதத்துக்கு அந்தப் பருவத்திலேயே பணம் கைக்கு வந்தால், கொல்லைக்கு வேலி கிடைத்தால், காவல் மாடத்தில் துப்பாக்கிக்கு வேலை இல்லை. இவற்றையும், காயத்தைக் கட்டக் கற்றுக்கொடுப்பதையும் செய்யவேண்டியவை வனத்துறையும் வேளாண் துறையும் சுகாதாரத் துறையும். மூன்றும் செய்யாமல் விட்டது கடைசியில் செஷன்ஸ் கோர்ட்டுக்கு வருகிறது. அங்கே எங்களால் ஆனது, பத்தாண்டை ஓராண்டாக்குவது மட்டும்தான்.