ஒரு துளி ஆசிட்

வட்டிக் கடையில் நான் விரும்பிப் பார்ப்பது கல்லாவுக்குப் பக்கத்தில் கிடக்கும் கறுப்பு உரைகல்லைத்தான். வந்தவர் சொல்லும் கஷ்டத்தைக் காதில் வாங்கியபடியே கடைக்காரர் வளையலைக் கல்லில் ஓர் இழுப்பு இழுப்பார். மஞ்சள் கோடு விழும். பித்தளையை இழுத்தாலும் ஏறக்குறைய அதே மஞ்சள்தான். அதனால் கோட்டின் மேல் ஒரு துளி ஆசிட், அதாவது நைட்ரிக் அமிலம், தொட்டு வைப்பார். பித்தளையென்றால் கோடு நுரைத்துப் பச்சையாகும். துடைத்தால் தடமே இருக்காது. 22 காரட் தங்கமென்றால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததற்குத்தான் கடன் கொடுக்கிறார்கள்.

பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. இரண்டையுமே நைட்ரிக் அமிலம் கரைத்துவிடும். பச்சை நிறம் செம்பினால் வருவது. கொஞ்சம் அதிகமாகப் போட்டால் செம்பழுப்புப் புகை கிளம்பும். அது நஞ்சு, வேடிக்கை பார்க்கக் கூடாது. 22 காரட்டிலும் செம்பு உண்டு. ஆனால் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம் சூழ்ந்திருப்பதால் அமிலத்தால் அதைத் தேடிப் போக முடிவதில்லை. கவரிங் நகைதான் ஏமாற்றும்: மேற்பூச்சு அசல் தங்கமாயிற்றே! அனுபவப்பட்டவர்கள் அதனால்தான் ஓரத்தில் அரத்தால் ஒரு கீறு போட்டு, உள்ளே இருப்பதன் மேல் ஆசிட் வைக்கிறார்கள்.

பித்தளை இப்படி அமிலத்துக்கு இணங்கிப் போவதை நான் குறையாக நினைப்பதில்லை. கறுத்த குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்ததும் பளிச்சென்று ஆகிறதே, அதுவும் இதே வேலைதான். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் மேலே படிந்த கறையைக் கரைத்து எடுத்துவிடுகிறது. அதே புளி குழம்பாகப் பித்தளைப் பாத்திரத்தில் கொதித்தால் செம்பு சோற்றுக்கு வந்துவிடும். ஈயம் பூசாத பித்தளையில் புளி சேர்த்துச் சமைக்கக் கூடாது என்று பாட்டிமார் அடித்துச் சொன்னதற்குக் காரணம் வேறில்லை.

தங்கமும் ஓரிடத்தில் தோற்கும். ஒரு பங்கு நைட்ரிக் அமிலத்தோடு மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ந்தது இராஜ திராவகம். தனித்தனியே தங்கத்தை அசைக்க முடியாத இரண்டும் கூட்டுச் சேர்ந்தால் கதை மாறிவிடும். ஒன்று தங்கத்தை மிகச் சிறிதளவு பிரிக்க, மற்றதிலுள்ள குளோரைடு அதைப் பிடித்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். 1940இல் ஜெர்மன் படை கோபன்ஹேகனுக்குள் நுழைந்தபோது, அங்கிருந்த இயற்பியலர் நீல்ஸ் போரின் ஆய்வுக்கூடத்தில் மாக்ஸ் வான் லாவே, ஜேம்ஸ் ஃபிராங்க் இருவரின் நோபல் பதக்கங்கள் இருந்தன. ஜெர்மனியிலிருந்து தங்கத்தை வெளியே அனுப்புவது அன்று பெருங்குற்றம். பதக்கத்திலோ பெயர் பொறித்திருந்தது. ஹெவெசி என்ற வேதியியலர் இரண்டையும் இராஜ திராவகத்தில் கரைத்து, குப்பியை அலமாரியில் வைத்துவிட்டார். போர் முடிந்து வந்து பார்த்தால் குப்பி வைத்தபடியே இருந்தது. தங்கத்தைப் பிரித்தெடுத்து அனுப்பினார்கள்; நோபல் அறக்கட்டளை அதையே திரும்பப் பதக்கமாக்கிக் கொடுத்தது.

இதே வித்தையைத் தெருவில் செய்பவர்களும் உண்டு. நகைக்குப் பாலீஷ் போடுகிறோம் என்று மதிய வேளையில் வாசலுக்கு வருவார்கள். கிண்ணத்து நீரில் முக்கி எடுத்த சங்கிலி புதுசாட்டம் மின்னும். எடை குறைந்தது தராசில் வைத்தால்தான் தெரியும். அவ்வளவு அழுக்கு நீரைக் கீழே ஊற்றாமல் ஏன் பத்திரமாக மூடி எடுத்துப் போகிறார்கள் என்று அந்த நேரத்தில் யாரும் கேட்பதில்லை.