குலுக்கல்

2007 கோடையில், நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் நான் வேலை பார்த்த கிளை நூலகத்துக்கு நகராட்சி ஒரு பையனை அனுப்பியது. இளைஞர் கோடை வேலைத் திட்டம். ஜூலை, ஆகஸ்டில் சில வாரங்கள், மணிக்கு 7.15 டாலர், அதாவது அந்த மாநிலத்தில் அன்றிருந்த குறைந்தபட்சக் கூலி. பணம் அரசாங்கத்துடையது, வேலை எங்களுடையது. திரும்பி வந்த புத்தகங்களை எண் வரிசையில் தள்ளுவண்டியில் அடுக்கி, கொண்டுபோய் அலமாரியில் வைக்க வேண்டும். அவனுடைய நேரத்தாளில் நான் கையெழுத்திட வேண்டும்.

பதினாறு வயது. இரட்டையரில் ஒருவன். அவனும் சகோதரியும் ஒரே நாளில் மனுப் போட்டிருந்தார்கள். ஒரே முகவரி, ஒரே தாயின் கையெழுத்து. மனுக்கள் ஜாஸ்தி, இடங்கள் குறைவு. ஆகவே கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். அவன் பேர் விழுந்தது. அவள் பேர் விழவில்லை.

அவளும் வந்தாள். நூலகத்தில் குளிர்சாதனம் உண்டு, அவர்கள் வீட்டில் இல்லை. இரண்டு நாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் வண்டியின் மறுபக்கம் நின்று அடுக்கிக்கொண்டிருந்தாள். அவனைவிட வேகம். தசம எண்களை ஒரு பார்வையில் பிடித்துக்கொண்டாள். (அவன் கடைசிவரை 813.6ஐ 813.54க்கு முன்னால்தான் வைத்தான்.)

எட்டு நாள் பார்த்தும் பார்க்காதவன்போல இருந்தேன். தாராள குணம் என்று சொல்ல மாட்டேன். வேலை சீக்கிரம் முடிந்தது. ஒன்பதாம் நாள் மேலதிகாரி கூப்பிட்டார். வண்டி அவள் காலில் ஏறினால் யார் பொறுப்பு? கேள்வி நியாயமானதுதான். அவளிடம் சொல்ல வேண்டியவன் நான்.

சொன்னேன். ‘நான் சம்பளம் கேட்கவில்லையே’ என்றாள். கேட்காததுதான் பிரச்சினை என்பதை எப்படி விளக்குவது? கையிலிருந்த புத்தகத்தைக் கொண்டுபோய் அதன் இடத்தில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். மறுவாரம் வரவில்லை. பையன் ஒன்றும் பேசவில்லை. நேரத்தாளை நீட்டும்போது மட்டும் என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டான்.

எழுதுகிற நமக்குப் புள்ளிவிவரம் என்றால் ஓர் அலட்சியம் உண்டு. எனக்கும் இருந்தது. 2016இல் கெல்பர், ஐசன், கெஸ்லர் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் வெளியிட்ட கட்டுரை ஒன்று பிற்பாடு கைக்குக் கிடைத்தது. 2005 முதல் 2008 வரை இதே குலுக்கலுக்குப் பேர் கொடுத்த கிட்டத்தட்ட 3 லட்சம் பேரை வரிப் பதிவேட்டிலும் சிறைப் பதிவேட்டிலும் மரணப் பதிவேட்டிலும் தேடியிருக்கிறார்கள். பேர் விழுந்ததையும் விழாததையும் தவிர இரு சாராருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இந்த வேலை பிற்காலச் சம்பாத்தியத்தை உயர்த்தவில்லை. அடுத்த மூன்று வருஷம் கொஞ்சம் குறையக்கூடச் செய்தது. கல்லூரியில் சேர்வதிலும் மாற்றமில்லை. ஆனால் வேலை கிடைத்தவர்களில் சிறைக்குப் போனவர்கள் குறைவு. செத்துப்போனவர்களும் குறைவு, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. வேலைத் திட்டம் வேலை விஷயத்தில் தோற்று, உயிர் விஷயத்தில் ஜெயித்திருக்கிறது.

இதில் யாருக்கு ஆறுதல் என்று தெரியவில்லை. 1964இல் ஜான்ஸனின் வறுமை எதிர்ப்புச் சட்டத்தில் இப்படி வேலைகளுக்குப் பணம் ஒதுக்கிய காலத்திலிருந்தே, கோடையில் பையன்கள் தெருவில் சும்மா நிற்கக் கூடாது என்ற பயமும் கருணையோடு சேர்ந்தே வந்திருக்கிறது. சிறைக் கணக்கு அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறது. மரணக் கணக்கு யாருக்குப் பதில்?

குலுக்கல் இருந்ததால்தான் இந்த உண்மையே தெரியவந்தது என்பது வாஸ்தவம். விழாதவர்கள் இல்லாமல் விழுந்தவர்களை எதோடு ஒப்பிடுவது? அந்த 3 லட்சத்தில் இவர்கள் இருவரும் இருக்க வேண்டும், அவன் ஒரு பத்தியில், அவள் இன்னொன்றில். அட்டவணையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இருவரும் இப்போது எங்கே என்று எனக்குத் தெரியாது.

என்னால் சொல்ல முடிந்த திருத்தம் ஒன்று உண்டு. வேலை செய்யாதவர்களின் பத்தியில் இருப்பவள் எட்டு நாள் வேலை செய்தாள். அதற்கு நேரத்தாள் இல்லை; நான் எதிலும் கையெழுத்திடவில்லை.