ஆறாவது அறை

விற்ற பொருளோடு விற்றவர் கடமை முடிந்துவிடுமா? அமெரிக்க ரிவால்வர் ஒன்றின் வரலாறு நம்மை இவ்வினாவின் முன் நிறுத்தியது.

ரூகர் நிறுவனம் 1953 முதல் 1972 வரை பழம்பாணியில் செய்த ரிவால்வர்கள் ஆறு குண்டறைகள் கொண்டவை. சுத்தியலுக்கு நேரே குண்டு இருக்கையில் தவறி விழுந்தால், விசையைத் தொடாமலே வெடித்துவிடக்கூடும். ஆதலின் ஐந்து குண்டுகளே இட்டு, சுத்தியலின் கீழ் அமையும் ஆறாவது அறையை வெறுமையாக விடுதல் வேண்டும்.

1973-இல் வந்த புதிய மாதிரி இவ்விடரை நீக்கியது. விசையை இழுத்தாலன்றிச் சுத்தியலின் அடி குண்டைச் சேராதவாறு இடையே ஒரு தகடு அமைந்தது. 1982 முதல் பழையவற்றுக்கும் அத்தகு காப்பினை இலவசமாகப் பொருத்தித் தர அந்நிறுவனம் முன்வந்தது. கழற்றிய பாகங்களும் உரியவருக்கே திருப்பியளிக்கப்பட்டன.

எனினும் அனுப்ப மனமில்லாதோர் உளர். மாற்றம் செய்யாத துப்பாக்கிக்கே சேகரிப்போரிடம் மதிப்பு மிகுதி. அம்மனத்தை நாம் அறிவோம். தந்தையார் விட்டுச்சென்ற கடிகாரத்தின் வாரைக்கூட மாற்ற நமக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால், கடிகாரம் பிழைத்தால் போவது நேரம்; துப்பாக்கி பிழைத்தால் போவது உயிரன்றோ!

தம் கவனத்தின்மேல் அவர்கள் வைக்கும் நம்பிக்கை மெய்யாகவே இருக்கலாம். பொருளோ கைமாறும். அது பேரன் கையை அடையும் நாளில், ஐந்தே குண்டு என்னும் விதியை அவனுக்கு யார் உரைப்பார்? மனிதர் மறப்பர், மறைவர். பொருத்திய தகடு மறவாது. செய்தவர் தம் கடமையை நீட்டினார். ஏற்பது வைத்திருப்பவர் கடமை.