எத்தனை கெல்வின் போடணும்?

வெயில் எட்டாத அடுக்குமாடி வீட்டில் கீரை வளர்க்க விளக்கு கட்டித் தரச் சொல்லி வருகிறவர்கள் முதலில் கேட்பது, “எத்தனை கெல்வின் போடணும்?” என்றுதான். சென்னை ரிச்சி தெருவில் எல்.இ.டி. பட்டை வாங்கப் போனால் கடைக்காரரும் வார்ம் ஒயிட்டா, நேச்சுரல் ஒயிட்டா, கூல் டே லைட்டா என்பார். ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் கணக்கில் அவை 3000, 4000, 6500.

மூன்றிலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே நீலச் சில்லுதான். சுமார் 450 நானோமீட்டரில் ஒளிவிடும் அந்தச் சில்லின் மேல் பாஸ்பர் பூச்சு இருக்கும். நீலத்தின் பெரும்பகுதியை அது விழுங்கி, பச்சையாகவும் மஞ்சளாகவும் சிவப்பாகவும் வெளியே விடுகிறது. பூச்சு கூடக்கூட நீலம் குறையும். 3000-இல் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு நீலம்; 6500-இல் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். கெல்வினைத் தேர்ந்தெடுக்கும்போது செடிக்கு எவ்வளவு நீலம் கொடுப்பது என்பதைத்தான் நாம் முடிவு செய்கிறோம்.

அதன் விளைவைத் தக்காளி நாற்றில் கண்ணால் பார்க்கலாம். 6500-இன் கீழ் வளரும் நாற்றுக்குத் தண்டு தடிக்கும், கணு இடைவெளி குறுகும், இலை சிறுத்தாலும் கெட்டியாக இருக்கும். நீலம் தண்டின் நீட்சியை அடக்குவதால் வரும் கட்டுடல் அது. 3000-இல் அதே விதை சற்று நெடுநெடுவென எழும்பி, இலையை அகல விரிக்கும். அதனால் நாற்றுக்கு 6500, கீரைக்கு 4000, காய்க்க வேண்டிய மிளகாய்க்கு 3000 என்பது என் வழக்கம். மிளகாய்க்கு, நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைக் குறிக்கும் சி.ஆர்.ஐ. 90 உள்ள பட்டை கிடைத்தால் இன்னும் நல்லது. அடர்சிவப்பு அதில் கூடுதலாக இருக்கும்.

ஊதா விளக்கை நான் கட்டித் தருவதில்லை. செடிக்குச் சிவப்பும் நீலமும் மட்டும் போதும் என்ற எண்ணத்தில் வந்தது அது. கீத் மெக்ரீ 22 பயிர்களின் இலைகளை அளந்து 1972-இல் வெளியிட்ட ஆய்விலேயே, பச்சை ஒளியும் ஒளிச்சேர்க்கைக்குக் கணிசமாகப் பயன்படுவது தெரிந்துவிட்டது. அதைவிட எனக்கு முக்கியமானது வேறொன்று. ஊதா வெளிச்சத்தில் இலை கருத்துத் தெரியும். அடியிலையின் வெளிர் மஞ்சள், இலைக்கு அடியில் செம்பேன் பின்னிய மெல்லிய நூலாம்படை, குருத்தில் ஒட்டிய அசுவினி எதுவும் கண்ணில் படாது. வெள்ளை வெளிச்சத்தில் இலையைத் திருப்பிப் பார்த்தாலே நோய் தெரிந்துவிடும். கூடத்திலோ சமையலறையிலோ மனிதர்களும் அந்த வெளிச்சத்தில்தானே இருக்கிறார்கள்!

நிறத்தைவிட அளவு பெரிது. லக்ஸ் மீட்டர் காட்டும் எண்ணை 70-ஆல் வகுத்தால், வெள்ளை விளக்குக்கு மைக்ரோமோல் கணக்கு, அதாவது ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு விழும் ஒளித்துகள்களின் அளவு, ஏறக்குறைய வந்துவிடும். நாற்றுக்கு 100 முதல் 200, கீரைக்கு 200-க்கு மேல், மிளகாய்க்கு 400-க்கு மேல் வேண்டும். நாலடி நீளம், ஓரடி அகலமுள்ள தட்டுக்கு ஓரடி உயரத்துக்குள் 20 வாட் பட்டை (பேட்டன்) இரண்டு கட்டினால் நாற்று தேறும். கீரைக்கு நான்கு வேண்டும். 4000 கிடைக்காவிட்டால் 3000 இரண்டும் 6500 இரண்டும் மாற்றி மாற்றிக் கட்டலாம். கொத்தமல்லிக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் எரிய விடாதீர்கள். பகல் நீண்டால் சீக்கிரம் பூத்துவிடும்.

வெளிச்சம் கூடும் என்று பல்பின் வெள்ளை மூடியைக் கழற்றுகிறவர்கள் உண்டு. பல பல்புகளில் சில்லுப் பலகை வீட்டு மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில் இருக்கும். தண்ணீர் தெளிக்கிற இடத்தில் அது உயிருக்கே ஆபத்து. தயவுசெய்து கழற்றாதீர்கள்.

எந்த நிறம் என்று இன்னும் தயங்குகிறவர்கள் 4000 வாங்குங்கள். ஊதா விளக்குக்கு ஒதுக்கிய காசில் பட்டை ஒன்றைக் கூடுதலாகக் கட்டுங்கள்.